பின்சந்தில் அடைபட்ட குளிர்சாதனம்: தோட்ட நகர மண்டபம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் கீழ்ப் பேராக்கில், தெலுக் இந்தானிலிருந்து கடலோரத்தை நோக்கிச் செல்லும் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறுநகரத்தின் கோயில் மண்டபத்தில் நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். மண்டபப் பராமரிப்புத் துணைக்குழுவுக்குத் தொழில்நுட்ப ஆலோசனை கூறும் பொறுப்பில் இருந்ததால், ஆய்வு தொடங்கியதிலிருந்து மாற்றப் பணி முடிந்து அதன் பலன் தெரியும்வரை உடனிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தொடர்புடைய எவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இதே நிலையில் இருக்கும் பிற கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் சமூகக் கூடங்களும் முன்கூட்டியே விழித்துக்கொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.

மண்டபம் சுமார் 350 சதுர மீட்டர் பரப்புடையது; 250 பேர் அமர்ந்து விருந்துண்ணலாம். தோட்டத்து லயங்களிலிருந்து நகரத்துத் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) குடிபெயர்ந்த குடும்பங்கள் சந்தாவாகவும் நன்கொடையாகவும் பல ஆண்டுகள் கொடுத்த பணத்தில் எழுந்த கட்டடம் அது. சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு அதுவே ஒரே குளிர்சாதன மண்டபம் என்பதால், ஆடியும் மார்கழியும் நீங்கலாக, வார இறுதிகள் பெரும்பாலும் முன்பதிவாகிவிடும்.

சீலிங்குக்கு மேலே மறைந்திருந்து காற்றுக்குழாய் வழியே குளிர்காற்றை அனுப்பும் வகையைச் சேர்ந்த ஆறு உள் யூனிட்டுகளும், அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வெளி யூனிட்டும் பொருத்தப்பட்டிருந்தன. கடை வழக்கில் ஒவ்வொன்றும் 5 குதிரைத்திறன். குளிரூட்டும் திறனாகச் சொன்னால் ஏறத்தாழ 13 கிலோவாட். குளிர்வாயு ஆர்-410ஏ. அமர்ந்திருக்கும் மனித உடல் 100 வாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியிடும் என்பதால், நிறைந்த விருந்தில் மனிதர்களிடமிருந்து மட்டுமே 25 கிலோவாட்டுக்கு மேல் வருகிறது. அதனுடன் விளக்குகள், வெயிலில் காய்ந்த கூரை, கதவு திறக்கும்போதெல்லாம் நுழையும் ஈரக்காற்று ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டாலும், ஆறு யூனிட்டுகளும் ஒழுங்காக ஓடினால் மண்டபம் 25 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கும். கருவிகளின் திறனில் குறையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனெனில், தொல்லை தொடங்கியபோது இன்னும் பெரிய ஏர்கோன் வாங்கிப் போட்டுவிடலாம் என்பதே நிர்வாகத்தில் பலருடைய எண்ணமாக இருந்தது.

சந்து குறுகிய விதம்

மூல வரைபடத்தில் மண்டபத்தின் பின்சுவருக்கும் எல்லைச் சுவருக்கும் இடையே 1.8 மீட்டர் அகலத் திறந்தவெளி காட்டப்பட்டிருந்தது. வெளி யூனிட்டுகள் அங்கே தரையில் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்பது திட்டம். கட்டுமானம் பாதியில் இருந்தபோது, கோயிலின் பெரிய பாத்திரங்களையும் நாற்காலிகளையும் வைக்க இடமில்லை என்று கண்டு, பின்பக்கம் ஒரு கிடங்கு சேர்க்கப்பட்டது. கிடங்கு எல்லையை நோக்கி நீண்டதில், மிஞ்சிய சந்தின் அகலம் 780 மில்லிமீட்டர் ஆனது. நீளமும் குறைந்துவிட்டதால், ஆறு யூனிட்டுகளையும் வரிசையாக வைக்க முடியாமல், சுவரில் இரும்புத் தாங்கிகள் அடித்து மூன்றின் மேல் மூன்றாக ஏற்றினார்கள்.

ஒவ்வொரு வெளி யூனிட்டின் தடிமன் 370 மில்லிமீட்டர். பின்னால் 100 மில்லிமீட்டர் விட்டுப் பொருத்திய பிறகு, காற்று வெளியேறும் முன்முகத்துக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே 310 மில்லிமீட்டர்தான் எஞ்சியது. அந்த மாடலின் பொருத்தல் கையேடு முன்புறம் 1 மீட்டரும், வால்வுகளும் மின்னிணைப்பும் இருக்கும் பக்கத்தில் 500 மில்லிமீட்டரும் கேட்கிறது. கையேடு கருவியின் அட்டைப்பெட்டிக்குள்தான் வந்தது. பொருத்தியவர்கள் அதைப் பிரித்துப் பார்த்திருக்கலாம்; ஆனால் அவர்கள் வந்தபோது சுவர் எழும்பி, பூச்சும் காய்ந்திருந்தது.

பிறகு வந்தவை ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நியாயமான முடிவுகளே. அக்கம்பக்கத்தில் செம்புக்குழாய்த் திருட்டு நடந்ததால் சந்தின் இரு முனைகளிலும் இரும்புக் கிராதி அடித்துப் பூட்டினார்கள். கூரை நீர் யூனிட்டுகளின் மேல் கொட்டுகிறது என்று சந்துக்கு மேலே தகரம் வேய்ந்தார்கள். மண்டபத்துக்குள் சீலிங் அழகாக அமைய வேண்டும் என்று, உள் யூனிட்டுகளுக்கான திறப்புகளை 300க்கு 300 மில்லிமீட்டராகச் சுருக்கினார்கள். மணவறை மேடைக்கு மேலிருந்த இரண்டு யூனிட்டுகளின் காற்றுத் திரும்பு வாய்களில், திறந்து மூடக்கூடிய தட்டியை எடுத்துவிட்டுச் சித்திர வேலைப்பாடு கொண்ட நிலையான பலகையைப் பொருத்தினார்கள். அடுக்களையை ஒட்டிய குளியலறையின் சீலிங்குக்கு மேலே, பாத்திரம் கழுவும் நீரைச் சூடாக்கும் 90 லிட்டர் மின் வெந்நீர்க் கலனை ஏற்றி மறைத்தார்கள். இவை வெவ்வேறு கூட்டங்களில், வெவ்வேறு காரணங்களுக்காக எடுக்கப்பட்ட முடிவுகள். இவற்றில் எந்தக் கூட்டத்துக்கும் இக்கருவிகளைப் பின்னாளில் கழற்றிக் கழுவப் போகிறவர் அழைக்கப்படவில்லை. என் பார்வையில், இந்த நிகழ்வின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதல் அறிகுறிகள்

முதல் இரண்டு ஆண்டுகள் குறிப்பிடத்தக்க தொல்லை எதுவும் இல்லை. புதிய கருவியின் செதில்கள், அதாவது வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்தும் மெல்லிய உலோகத் தகடுகள், சுத்தமாக இருக்கும்வரை, குறுகிய இடத்தின் தீமையை அது ஓரளவு தாங்கிக்கொள்ளும். மூன்றாம் ஆண்டில் மேடைக்கு மேலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. ஒரு நிச்சயதார்த்தத்தின்போது பெண்ணின் தாயார் மீது சொட்டியதால், குறிப்பேட்டில் அது புகாராகவும் பதிவாகியிருக்கிறது. அதே ஆண்டில் ஒரு வெளி யூனிட்டில் குளிர்வாயுவை அழுத்தும் கம்ப்ரசர் எரிந்தது. அடுத்த ஆண்டில் இன்னொன்று.

இந்தக் காலத்தின் பராமரிப்பு ரசீதுகளைப் பின்னர் வரிசைப்படுத்திப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. சந்தின் நுழைவாயிலுக்கு அருகிலிருந்த கீழ் யூனிட்டுக்கு ஒவ்வொரு முறையும் "கெமிக்கல் சர்வீஸ்" என்று எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே இருந்த மற்றவற்றுக்கு "கேஸ் செக்", "ஓக்கே" என்ற சொற்கள் மட்டுமே இருந்தன. எரிந்த கம்ப்ரசர்கள் இரண்டும் உள்ளே இருந்த யூனிட்டுகளுடையவை. பராமரிப்பாளர்களை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கவாட்டில் நடந்து, ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் கருவிப்பையுமாக நுழைந்து, எதிர்ச் சுவரில் முதுகை அழுத்தியபடி நின்றால், முன் பலகையின் திருகைக்கூட முழுதாகத் திருப்ப முடியாது. கை எட்டிய யூனிட்டு கழுவப்பட்டது. எட்டாதவை வெறுமனே பார்க்கப்பட்டன.

ஆவணித் திருமண இரவு

நான்காம் ஆண்டு ஆவணியில், மழையில்லாத ஒரு நாளில் நடந்த திருமண விருந்தில், இரவு எட்டு மணியளவில் இரண்டு வெளி யூனிட்டுகள் நின்றன. சுமை மற்ற நான்கின் மேல் விழுந்ததும் அரைமணி நேரத்துக்குள் அவையும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மண்டபத்துக்குச் சன்னல்கள் குறைவு. இருந்தவையும் அலங்காரத் துணிகளால் மூடப்பட்டிருந்தன. வயது முதிர்ந்த அம்மையார் ஒருவருக்கு மயக்கம் வந்து, வெளியே கொண்டுவந்து காற்றாட அமர்த்திய பிறகு தெளிந்தார்.

அவசரமாக வரவழைக்கப்பட்ட இளம் மெக்கானிக், கிராதியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் கால்மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. உள்ளே நுழைந்தபோது, யூனிட்டுகளின் மின்னிணைப்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சுகள் அவற்றின் பின்னால் சுவரில், 100 மில்லிமீட்டர் இடைவெளிக்குள் பொருத்தப்பட்டிருந்ததால் அவர் கை அவற்றை எட்டவில்லை. மின்னோட்டத்தை மண்டபத்துக்குள் இருந்த மின்பெட்டியில் நிறுத்திவிட்டுத்தான் பலகையைத் தொட முடிந்தது. அப்படி நிறுத்தியதை வேறொருவர் தெரியாமல் மீண்டும் போட்டுவிடாதபடி அங்கே ஓர் ஆளைக் காவல் நிறுத்த வேண்டியிருந்தது. மேல் யூனிட்டின் ஓரத்தில் உரசி அவருடைய முன்கை கிழிந்தது.

உயரழுத்தத் தடுப்புச் சுவிட்சு யூனிட்டை நிறுத்தியிருக்கிறது என்று அவர் கண்டறிந்து சொன்னதும், விருந்து முடியும்வரை அந்தச் சுவிட்சைத் தவிர்த்து நேரடியாக இணைத்துவிட்டு ஓட்ட முடியாதா என்று பொருளாளர் கேட்டார். நூற்றுக்கணக்கான விருந்தினர் வியர்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் எழுந்த வேண்டுகோள் அது. மெக்கானிக் மறுத்தார். "அண்ணே, பைபாஸ் பண்ணுனா இன்னிக்கி ஓடும், ஆனா பிரஷர் எவ்வளவு ஏறும்னு யாருக்கும் தெரியாது. அப்ப பக்கத்துல நிக்கிறவன் நான்தான்" என்று அவர் சொன்னதைப் பொருளாளரே பிறகு கூட்டத்தில் எடுத்துச் சொல்லி, அந்த மறுப்புக்கு நன்றியும் தெரிவித்தார். சுவிட்சைத் தொடுவதற்குப் பதிலாக, சந்தின் மேலிருந்த தகரத்தில் இரண்டு தகடுகளைக் கழற்றச் சொன்னார் மெக்கானிக். கோயில் இளைஞர் குழுவினர் ஏணி வைத்துக் கழற்றினார்கள்; கிராதிக் கதவுகளும் திறந்துவைக்கப்பட்டன. சிறிது நேரம் கழித்து மூன்று யூனிட்டுகள் ஓடத் தொடங்கி, விருந்து முடியும்வரை நிற்கவில்லை. அன்றைய தேவைக்காகச் செய்த அந்த ஏற்பாடே நோய் எங்கே இருக்கிறது என்பதற்கான முதல் சான்றாகவும் அமைந்தது.

ஆய்வில் கண்டவை

அடுத்த வாரத்தில், தகரத்தை மீண்டும் பொருத்தி, ஆறு யூனிட்டுகளையும் ஓடவிட்டு அளவெடுத்தோம். திறந்த முற்றத்தில் நிழலில் காற்றின் வெப்பநிலை 32 பாகை. சந்துக்குள், செதில்களுக்குள் நுழையும் காற்று 46 பாகை. எதிர்ச் சுவரில் மோதிய சூடான காற்று மேலேயும் போக வழியின்றி, பக்கத்திலும் போக வழியின்றி, மீண்டும் அதே யூனிட்டின் பின்புறமாக உள்ளே இழுக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

இது ஏன் கருவியை நிறுத்துகிறது என்பதை விளக்கினால்தான் நிர்வாகத்தினருக்கு இடத்தின் மதிப்பு புரியும் என்று கருதி, எண்களோடு விளக்கினேன். வெளி யூனிட்டில் குளிர்வாயு திரவமாக மாறும் வெப்பநிலை, நுழையும் காற்றைவிட ஏறத்தாழ 14 பாகை கூடுதலாக இருக்கும். காற்று 32 பாகையாக இருந்தால், ஆர்-410ஏ சுமார் 46 பாகையில், ஏறக்குறைய 27 பார் அழுத்தத்தில் திரவமாகும். காற்றே 46 பாகையானால் திரவமாகும் நிலை 60 பாகைக்கும் சுமார் 37 பாருக்கும் ஏறிவிடும். செதில்கள் அழுக்கேறி இன்னும் 5 பாகை கூடினால், தடுப்புச் சுவிட்சு வெட்டும் எல்லையான 42 பாரை அது நெருங்குகிறது. நிற்பதற்கு முந்தைய நிலையிலும் கம்ப்ரசர் கூடுதல் மின்சாரத்தை உண்டு, குறைந்த குளிர்ச்சியையே தந்து, தன் மோட்டார்ச் சுருள்களையும் எண்ணெயையும் வறுத்துக்கொண்டிருக்கும். எரிந்த இரண்டு கம்ப்ரசர்களும் இப்படித்தான் போயிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

செதில்களின் நிலையைக் காண மேல் யூனிட்டு ஒன்றை முழுவதுமாகக் கழற்றி வெளியே கொண்டுவந்தோம். பின்முகம் சாம்பல் நிறக் கம்பளி போர்த்தியதுபோல் இருந்தது. செம்பனை ஆலைகள் பழ நார்களையும் கொட்டை ஓடுகளையும் கொதிகலனில் எரிப்பதால் காற்றில் வரும் கரித்துகள், செம்மண் சாலையின் தூசு, அடுக்களை வெளியேற்றிக் காற்றாடி அனுப்பிய எண்ணெய்ப் படலம் ஆகிய மூன்றும் சேர்ந்து இறுகிய அடுக்கு அது. இதை வெளியிலிருந்து நீர் பீய்ச்சிக் கழுவினால் அழுக்கு செதில்களுக்கு இடையே இன்னும் ஆழமாகப் போகும். மேல் மூடியையும் முன் பலகையையும் காற்றாடியையும் கழற்றிவிட்டு, உள்ளிருந்து வெளிநோக்கி, செதில் மடங்காத மெல்லிய அழுத்தத்தில் கழுவ வேண்டும். மேல் மூடியைத் தூக்கத் தலைக்கு மேலே இடம் வேண்டும். காற்றாடியை இழுக்க முன்னால் இடம் வேண்டும். கழற்றியதை வைக்கவும் ஆள் குனியவும் பக்கத்தில் இடம் வேண்டும். கையேட்டில் உள்ள மில்லிமீட்டர்கள் காற்றோட்டத்துக்கு மட்டும் உரியவை என்று எண்ணுவோர் உண்டு. அவற்றில் பாதி மனித உடலுக்கு உரியவை.

சீலிங்குக்கு மேலே நிலைமை வேறு விதமானது. 300 மில்லிமீட்டர் சதுரத் திறப்பில் ஒரு தலையும் ஒரு கையும் ஒரே நேரத்தில் நுழையா. ஆறு யூனிட்டுகளில் நான்கின் திறப்புகள், மோட்டாரும் வடிகால் தட்டும் இருக்கும் பக்கத்தில் இல்லாமல் அதன் எதிர்ப்பக்கத்தில் வெட்டப்பட்டிருந்தன. மேடைக்கு மேலிருந்த இரண்டின் வடிகட்டிகள், நிலையான பலகை பொருத்திய நாளிலிருந்து வெளியே எடுக்கப்படவே இல்லை. அடைத்த வடிகட்டியால் காற்று குறைந்து, சுருளில் பனி கட்டி, யூனிட்டு நின்றதும் அது உருகி, பாசி பிடித்த தட்டில் வழிய இடமின்றி மேடையில் சொட்டியிருக்கிறது. வடிகால் குழாயும் குறைந்தபட்சமாக 100க்கு 1 என்ற சரிவைக்கூடப் பெறவில்லை. ஓரிடத்தில் அது எதிர்ப்புறமாகவே சாய்ந்திருந்தது.

இந்த ஆய்வில் என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்தது, எவரும் புகார் சொல்லாத வெந்நீர்க் கலன். வெப்பமும் அழுத்தமும் மீறும்போது திறந்து நீரை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு, சீலிங்குக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. அதன் நீர் போகும் குழாயும் சீலிங்குக்குள்ளேயே முடிந்தது. வால்வு அடைத்துக்கொண்டால் எவருக்கும் தெரியாது. அது வேலை செய்தாலும் கொதிநீர் குளியலறையில் இருப்பவர் தலைமேல்தான் இறங்கும். மேலும், சூடாக்கும் கம்பியைக் கலனிலிருந்து நேராக வெளியே இழுக்க அதன் நீளத்துக்கு ஈடான வெற்றிடம் எதிரே வேண்டும். அங்கே கைப்பிடியளவு தொலைவில் கான்கிரீட் உத்தரம் இருந்தது. கம்பி பழுதானால் கலனையே அறுத்து இறக்கியாக வேண்டும்.

பரிசீலித்த வழிகள்

நிர்வாகக் கூட்டத்தில் நான்கு வழிகள் பேசப்பட்டன. பெரிய யூனிட்டுகள் வாங்குவது என்ற கருத்து விரைவில் கைவிடப்பட்டது. அதே சந்தில் அதிக வெப்பத்தைக் கொட்டினால் நிலைமை மோசமாகும் என்பது அளவுகளைக் கண்டதும் எல்லாருக்கும் விளங்கியது. தகரத்தை எடுத்துவிட்டு யூனிட்டுகளை இருந்த இடத்திலேயே விடுவது மலிவானது. அது காற்றோட்டத்தை ஓரளவு சீராக்கியிருக்கும். ஆனால் கழுவ வருபவருக்கு ஓர் அங்குலம்கூடக் கூட்டித் தராது. ஓராண்டில் செதில்கள் மீண்டும் அடைத்து, வந்த இடத்துக்கே வந்திருப்போம். எனவே அதை நான் வலுவாக எதிர்த்தேன்.

கிடங்கின் கான்கிரீட் கூரைமேல் ஏற்றுவது என்ற யோசனைக்கு ஆதரவு அதிகம் இருந்தது. காற்று தாராளம், திருட்டு பயம் குறைவு, தரையில் இடம் போகாது. ஆனால் அந்தக் கூரைக்குப் படிக்கட்டு இல்லை. விளிம்பில் கைப்பிடிச் சுவரும் இல்லை. யூனிட்டுகள் விளிம்பிலிருந்து மூன்று மீட்டருக்குள்தான் அமையும். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் இயந்திரவியல் விதித்தொகுப்பு, விளிம்பிலிருந்து 10 அடிக்குள் கருவி இருந்தால் தடுப்புக் கம்பி கட்டாயம் என்கிறது. அந்த விதி இங்கே சட்டமில்லை என்றாலும், மழையில் நனைந்த கூரையில் 30 கிலோவுக்கு மேல் எடையுள்ள கம்ப்ரசரைச் சுமந்து நடப்பவரின் ஆபத்து எந்த நாட்டிலும் ஒன்றுதான். நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் ஏறத்தாழ எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்திருப்பதையும் கூட்டத்தில் நினைவூட்டினேன். படிக்கட்டு, தடுப்புக் கம்பி, கூரையின் தாங்குதிறனைப் பொறியாளர் சரிபார்த்தல் ஆகிய மூன்றின் செலவையும் சேர்த்தபோது இந்த வழி கவர்ச்சியை இழந்தது.

நான்காவது வழி, பக்கவாட்டு முற்றத்தில் கார் நிறுத்துமிடத்தின் ஓரமாகத் தரையில் ஒரே வரிசையாக வைப்பது. கணக்கு எளிது. யூனிட்டின் அகலம் 950 மில்லிமீட்டர், பழுதுபார்க்கும் பக்கத்துக்கு 500 மில்லிமீட்டர். ஆறுக்கும் சேர்த்து 8.7 மீட்டர் நீளம். ஆழம், பின் இடைவெளியும் யூனிட்டும் முன்னால் 1 மீட்டரும் சேர்ந்து, ஏறத்தாழ 1.5 மீட்டர். அடுத்தடுத்த நான்கு கார்களுக்கான இடம் போய்விடும்.

இங்கேதான் விவாதம் நீண்டது. திருமண நாட்களில் கார்கள் சாலையோரம்வரை நிற்கின்றன. நான்கு இடங்களை இழப்பது சிறிய விஷயமன்று என்று பொருளாளரும், முகப்புக்கு அருகில் இயந்திரங்கள் தெரிவது அழகைக் கெடுக்கும் என்று தலைவரும் கூறினார்கள். இரண்டும் மதிக்க வேண்டிய கருத்துகளே. முன்னால் 1 மீட்டரைப் பாதியாகக் குறைத்தால் என்ன என்ற கேள்வியும் வந்தது. மேற்சொன்ன அமெரிக்க விதித்தொகுப்பு கருவியின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் 30 அங்குல ஆழமும் 30 அங்குல அகலமும், அதாவது 762 மில்லிமீட்டர் சதுரம், கொண்ட சமதள வேலையிடத்தைக் கேட்கிறது என்பதையும், மின்னோட்டமுள்ள மின்பெட்டியின் முன் அந்நாட்டு மின்விதிகள் குறைந்தது 36 அங்குலம் கேட்கின்றன என்பதையும் சொன்னேன். எண்களைவிட, மெக்கானிக் சொன்ன ஒரு யோசனையே விவாதத்தை முடித்தது. யூனிட்டின் அளவுக்கே செய்த ஆறு அட்டைப்பெட்டிகளை முற்றத்தில் வைத்து, அவரும் அவருடைய உதவியாளரும் ஒரு கம்ப்ரசரைக் கழற்றி வெளியே எடுத்துச் செல்வதுபோல் நடந்து காட்டினார்கள். அரை மீட்டரில் குனிந்தவர், எல்லையைக் காட்டப் பின்னால் கட்டியிருந்த கயிற்றைத் தள்ளிவிட்டார். 1 மீட்டரில் இருவரும் எளிதாகத் திரும்பினார்கள். பார்த்துக்கொண்டிருந்த தலைவர், "சரி தம்பி, ஒரு மீட்டரே விடுங்க" என்று சொல்லிவிட்டார்.

மார்கழியில் நடந்த பணி

மார்கழியில் திருமணங்கள் இல்லை என்பதால் மண்டபத்தை மூடிவைத்துப் பணியை நடத்த முடிந்தது. வடகிழக்குப் பருவமழை இடையிடையே தடுத்ததும் உண்டு.

ஆறு வெளி யூனிட்டுகளும் இறக்கி, கழற்றி, முறையாகக் கழுவப்பட்டு, முற்றத்தில் தரைக்கு மேல் எழுப்பிய கான்கிரீட் மேடையில் அமர்த்தப்பட்டன. செம்புக்குழாய்கள் நீண்டாலும் கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் நின்றன. கூடுதல் நீளத்துக்கு ஏற்பக் குளிர்வாயு எடைபோட்டுச் சேர்க்கப்பட்டது. பற்றவைக்கும்போது குழாய்க்குள் நைட்ரஜன் ஓடவிடுவதையும், பிறகு வெற்றிடமாக்கி அளவுகோலில் உறுதிசெய்வதையும் கட்டாயமாக்கினோம். ஆர்-410ஏ அமைப்பின் எண்ணெய் ஈரத்தை எளிதில் உறிஞ்சும் என்பதால், மழைக்காலத்தில் இதில் சலுகை காட்டுவது பின்னால் கம்ப்ரசரின் உயிரை வாங்கும். ஐசொலேட்டர் சுவிட்சுகள் ஒவ்வொரு யூனிட்டின் பழுதுபார்க்கும் பக்கத்தில், நின்றபடி எட்டும் உயரத்தில், பூட்டுப் போடக்கூடியவையாக மாற்றப்பட்டன. அதைப் பதிவுபெற்ற வயர்மேன் செய்தார்.

திருட்டுக் கவலையைப் புறக்கணிக்கவில்லை. 1 மீட்டர் எல்லைக்கு வெளியே காற்று தடையின்றிப் போகும் கம்பிவலை வேலியும், இரு பக்கமும் விரியத் திறக்கும் கதவும் அமைத்து, சாவியைக் கோயில் அலுவலகத்தில் எழுதிவைத்த இடத்தில் தொங்கவிட்டோம். வேலிக்கு முன்னால் எஞ்சிய ஆழம் கார்களுக்குப் போதவில்லை. மோட்டார் சைக்கிள்களுக்குப் போதும் என்பதால் அந்தப் பகுதி அவற்றுக்கு ஒதுக்கப்பட்டது.

சீலிங்கில் பழைய திறப்புகளை அடைத்துவிட்டு, மோட்டாருக்கும் வடிகால் தட்டுக்கும் நேர்கீழே 600க்கு 900 மில்லிமீட்டரில் கீல் வைத்த கதவுகள் அமைத்தோம். கூரைவெளியில் இருக்கும் கருவியின் மிகப்பெரிய பாகம் முழுதாக வெளியேறும் அளவுக்குத் திறப்பு வேண்டும் என்ற பொதுநெறியை வைத்து, காற்றாடியின் அளவைக் கையால் எடுத்து முடிவுசெய்த பரிமாணம் அது. சித்திரப் பலகைகளைத் தூக்கி எறியவில்லை; அவற்றையே கீலில் தொங்கவிட்டு, வடிகட்டியை எடுக்கும்படி மாற்றினார் உள்ளூர்த் தச்சர் ஒருவர். வடிகால் குழாய்களைச் சரிவு பார்த்து மீண்டும் பதித்து, தட்டில் நீர் ஏறினால் யூனிட்டை நிறுத்தும் மிதவைச் சுவிட்சையும் சேர்த்தோம். வெந்நீர்க் கலன் அடுக்களையின் வெளிச்சுவருக்கு இறங்கி வந்தது. வால்வின் நீர் இப்போது எல்லாரும் பார்க்கும் இடத்தில், தரைவடிகாலின் மேல் வெளியேறுகிறது.

பின்னர் நடந்தவை

தையில் மண்டபம் திறந்தபோது, நிறைந்த விருந்தில் செதில்களுக்குள் நுழையும் காற்று முற்றத்துக் காற்றைவிட 2 பாகைக்கு மேல் கூடவில்லை. உயரழுத்தத்தால் எந்த யூனிட்டும் நிற்கவில்லை. முன்பு ஒரு முழுநாளில் இரண்டு யூனிட்டுகளைக்கூட முழுமையாகக் கழுவ முடியாதிருந்த இடத்தில், அடுத்த பராமரிப்பில் ஆறும் ஒரு காலையில் முடிந்தன. ரசீதில் ஆறுக்கும் தனித்தனியே அழுத்தமும் மின்னோட்டமும் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்து நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். மின்கட்டணம் குறைந்தது, ஆனால் இரு ஆண்டுகளிலும் முன்பதிவு எண்ணிக்கை வேறு வேறு என்பதால், எவ்வளவு குறைவு இந்தப் பணியால் வந்தது என்று பிரித்துச் சொல்ல மாட்டேன்.

பழைய வெப்பத்தின் பாதிப்பு மறைந்துவிடவில்லை. சந்தின் ஆழத்தில் பல காலம் வெந்த ஒரு கம்ப்ரசர் அந்த ஆண்டே செயலிழந்தது. வேலியின் கதவைத் திறந்து, சுவிட்சைப் பூட்டி, முன் பலகையை நிலத்தில் வைத்து, இருவர் தூக்கி வெளியே எடுத்தார்கள். மாலை முகூர்த்தத்துக்கு முன் புதியது ஓடியது. வீட்டாருக்கு அது நடந்ததே தெரியாது.

இடத்தைக் காப்பது இடத்தை உண்டாக்குவதைவிடக் கடினமாக இருந்தது. சில மாதங்களுக்குள்ளாகவே அலங்காரக்காரர்கள் மணவறைத் தூண்களை வேலிக்குள் அடுக்கினார்கள். சமையல்காரர்கள் கேஸ் தோம்புகளை (எரிவாயு உருளைகளை) அங்கே நிழல் என்று வைத்தார்கள். முகப்புக்குக் கட்டிய வாழைமரங்கள் யூனிட்டின் முன்முகத்தில் சாய்ந்து நின்றன. தரையில் மஞ்சள் கோடும், தமிழிலும் மலாயிலும் அறிவிப்பும் வைத்த பிறகும் இது முழுதாக நிற்கவில்லை. மண்டப வாடகை ஒப்பந்தத்தில், அந்த எல்லைக்குள் பொருள் வைத்தால் வைப்புத்தொகையில் பிடிக்கப்படும் என்ற விதியைச் சேர்த்து, சாவி கொடுக்கும்போதே இடத்தைக் காட்டிச் சொல்லும் பொறுப்பை மண்டபக் காவலரிடம் ஒப்படைத்த பிறகுதான் பழக்கம் மாறியது.

இனி மாற வேண்டியவை

இந்த நிர்வாகம் தன் அடுத்த கட்டடத்துக்கு, ஒரு சிறு நூலகத்துக்கு, இப்போதே சில நடைமுறைகளை எழுதிவைத்திருக்கிறது. வரைபடத்தில் கருவியின் உருவத்தை மட்டும் வரையாமல், அதைச் சுற்றிய வேலையிடத்தையும் கோடுபோட்டுப் பரிமாணத்தோடு காட்ட வேண்டும். அந்தக் கோட்டுக்குள் சுவரோ கிடங்கோ தகரமோ வர வேண்டுமானால் தனித் தீர்மானம் வேண்டும். மாடலைத் தேர்ந்தவுடன் பொருத்தல் கையேட்டைக் கட்டட ஒப்பந்தக்காரரின் கையில் கொடுக்க வேண்டும்; சுவர் எழுந்த பிறகு கொடுப்பது எந்தப் பயனும் தராது. சீலிங் மூடுவதற்கு முன், பராமரிக்கப் போகிற மெக்கானிக் ஏணியில் ஏறி, மோட்டாரையும் வடிகால் தட்டையும் வடிகட்டியையும் கழற்றி மாட்டிக் காட்டிவிட்டுக் கையெழுத்திட வேண்டும். இதற்கு அவருக்கு அரைநாள் கூலி கொடுக்க வேண்டும் என்பதையும் நான் வற்புறுத்தினேன். அவருடைய அறிவை இலவசமாக எதிர்பார்த்ததும், கடைசியில் கேட்டதும் இந்த மண்டபத்தில் நடந்தவற்றுக்குக் காரணங்களாகவே எனக்குத் தோன்றுகின்றன.

மண்டபத்தில் தீராத பணியும் ஒன்று மீதமிருக்கிறது. மேடைக்கு மேலிருக்கும் இரண்டு உள் யூனிட்டுகளில் ஒன்றின் மோட்டார்ப் பக்கத்தைக் கான்கிரீட் உத்தரம் பாதி மறைக்கிறது. பெரிய கதவு வைத்தும், மோட்டாரை எடுக்க அதன் பெட்டியையே தளர்த்திச் சிறிது நகர்த்த வேண்டியிருக்கிறது. அந்த யூனிட்டின் ஆயுள் முடிந்து மாற்றும்போது, காற்றுக்குழாயை வெட்டி இடத்தை ஒரு மீட்டர் கிழக்கே தள்ளுவது என்று தீர்மானமாகி, புதிய இடத்தின் அளவு பராமரிப்புக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதுவரை அந்த ஒன்றை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தனியே திறந்து பார்க்கிறார்கள்.